மலைப்பாதையில் பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்காக நீங்கள் வெளியிட்ட சுற்றுலா இணைப்பைப் படித்தேன். கொடைக்கானலில் எங்கே தங்கலாம், என்னென்ன பார்க்கலாம், இ-பாஸ் எப்படி எடுப்பது என்று எல்லாமே பயனுள்ள தகவல்கள். ஒரே ஒரு யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரில் பிள்ளைகள் நச்சரிக்காமல் இருக்க, செல்போனிலோ டேப்லெட்டிலோ கார்ட்டூன் படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சமவெளியில் எப்படியோ, காட் ரோடு என்று நாங்கள் சொல்லும் மலைப்பாதையில் அது பிள்ளையை வாந்தி எடுக்க வைத்துவிடும். விடுமுறை தொடங்குவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல் மலைப்பாதையில் இருக்கும் பெருமாள்மலை. அப்பா மலைப்பாதையில் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாக்கப்பட்டு வந்தது மதுரை. டி.பார்ம் படித்துவிட்டு இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மலையில் பிறந்தும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டி ஏறினால் குமட்டும், இன்றைக்கும் விடவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு கூடுதலாக இருக்கும் என்பார்கள். எனக்கு அதுவும் உண்டு. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கணவர் ஓட்டுவார். பின் சீட்டில் ஒரு பக்கம் நான்காவது படிக்கும் என் மகள், இன்னொரு பக்கம் யு.கே.ஜி. படிக்கும் என் கொழுந்தனார் பையன், நடுவில் நான். இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும், என் வயிற்றையும் அடக்க வேண்டும். மலையடிவாரத்து வத்தலக்குண்டு தாண்டினால் இதுதான் என் வேலை.

கடையில் வருடா வருடம் நான் பார்ப்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் பிற்பகுதியில், சாயங்கால நேரத்தில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். "நாளைக்குக் கொடைக்கானல் போறோம்க்கா, பஸ்ல வாந்தி வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க" என்பார்கள். பிள்ளைக்கு எத்தனை வயது, எடை என்ன, எந்த வண்டியில் போகிறீர்கள் என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். மாத்திரையைக் கொடுத்தால் போதாதா, எதற்கு இத்தனை கேள்வி என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்திலும் பிள்ளை அப்பா தோளில் சாய்ந்தபடி செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். நாளைக்கும் அப்படியேதான் உட்காரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

குமட்டல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் செல்போன் ஏன் கூடாது என்பதும் புரிந்துவிடும். நம் இரண்டு காதுக்குள்ளும் மூன்று மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் திரவம் நாம் திரும்பும்போதும் சாயும்போதும் அசைந்து, உடம்பு நகர்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ கைக்குள் இருக்கும் திரையில் நிலைகுத்தி நிற்கிறது. எதுவும் நகரவில்லை என்று அது சொல்கிறது. காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாதபோதுதான் தலை சுற்றுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிறு புரட்டுகிறது. புத்தகம் படித்தாலும், படத்துக்கு வண்ணம் தீட்டினாலும், வீட்டுப்பாடம் எழுதினாலும் இதே கதைதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வயது வரைக்கும்தான் அதிகம். அதாவது, நாம் போனைக் கொடுத்து உட்கார வைக்கும் அதே வயது.

வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் ஏன் வாந்தி வருவதில்லை என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அடுத்த வளைவு எனக்கு முன்னாடியே தெரியும் பாப்பா, உடம்பு அதுக்குத் தயாராயிரும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. வளைவில் ஓட்டுநரின் தலை தானாக உட்பக்கம் சாய்கிறது, பயணியின் தலை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. பயணியும் ஓட்டுநரைப் போலச் சாய்ந்தால் குமட்டல் குறைகிறது என்று ஆராய்ச்சி செய்தும் சொல்லியிருக்கிறார்கள். இதை வைத்துத்தான் எங்கள் வண்டியில் ஒரு விளையாட்டு நடக்கிறது. மகள் வீட்டிலிருந்து ஒரு மெலமைன் தட்டை எடுத்துக்கொண்டு வருவாள், அதுதான் ஸ்டியரிங். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை முன் கண்ணாடி வழியாகச் சாலையில் வைத்து, அவள் அப்பா திருப்புவதற்கு முன்பே அவள் தட்டைத் திருப்ப வேண்டும். கொழுந்தனார் பையன் கண்டக்டர். "ரைட்டு வளைவு வருது, எல்லாரும் சாய்ங்க" என்று அவன் குரல் கொடுப்பான்; மூன்று பேரும் சாய்வோம். பண்ணைக்காடு பிரிவு வந்ததும் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். தட்டைக் கொடுக்க அவளுக்கு மனசு வராது, அது வேறு பஞ்சாயத்து. ஆனால் அந்த நேரம் முழுக்க இரண்டு பேரின் கண்ணும் சாலையில் இருக்கும். சாய்ந்து சாய்ந்து வருவதால் எனக்கும் குமட்டல் மட்டுப்படுகிறது.

இதற்குப் பிள்ளையின் கண்ணுக்குச் சாலை தெரிய வேண்டும். சாதாரணமாகப் பின் சீட்டில் உட்கார்ந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன் சீட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வாங்கினால் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, வெளியே பார்க்கவும் வசதி. வாந்தி வருகிறது என்பதற்காக முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைக் காட் ரோட்டில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மோதினால் விரியும் ஏர்பேக் மடியில் இருக்கும் பிள்ளையைத்தான் முதலில் தாக்கும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது. ஜீப்பின் பின்பக்கத்தில் பக்கவாட்டில் போட்ட பெஞ்சும், வேனின் கடைசி வரிசையும்தான் வாந்திக்கு மிக மோசமான இடங்கள். உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடிக்கும்போது பிள்ளைகளை மொத்தமாகக் கடைசி சீட்டுக்குத் தள்ளிவிடுவது நம் வழக்கம். அங்கே பெரியவர்களில் யாருக்கு வயிறு கல்லு மாதிரியோ அவர்கள் போய் உட்காரட்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மலைப்பாதையில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காது வழியாகப் போக வேண்டும், கண்ணுக்குத் தூரத்து மலையை விட்டுவிட வேண்டும். விடுகதை, பாட்டுக்குப் பாட்டு, ஆளுக்கொரு வரியாகச் சேர்த்துச் சொல்லும் கதை, நாக்குப் புரளும் வாக்கியங்கள் என்று நம்மிடம் இல்லாததா? எங்கள் அம்மாச்சி காலத்திலிருந்து வருகிற சரக்கு அத்தனையும் இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதுதான். கண்ணுக்கு அதில் வேலையே கிடையாது. "மரத்துக்கு மேலே பழம், பழத்துக்கு மேலே மரம்" என்று ஆரம்பித்தால் அன்னாசி வருவதற்குள் இரண்டு வளைவு போய்விடும். "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்" என்பதை வேகமாகச் சொல்லச் சொன்னால் கொழுந்தனார் பையன் கிழவனைக் 'கிளவன்' ஆக்குவான், என் மகள் விடாமல் திருத்துவாள், அதிலேயே ஊத்து என்ற ஊர் வந்துவிடும்.

என்னைப் போலக் குமட்டல் உள்ள பெரியவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை. செல்போனில் படம் மாற்றிக் கொடுக்க, கீழே விழுந்த பென்சிலை எடுக்க, முன் சீட்டிலிருந்து பின்னால் திரும்பித் திரும்பிப் பேச என்று கழுத்தைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் நமக்குத்தான் முதலில் புரட்டும். அதனால்தான் நான் முன் சீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறேன். தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து, அசைக்காமல் வைத்துக்கொள்கிறேன். ரொம்ப முடியாதபோது கண்ணை மூடிக்கொண்டே தெனாலிராமன் கதை சொல்வேன். கண்ணை மூடினால் காதோடு சண்டை போட எதுவும் இருக்காது, தலைசுற்றல் குறையும். பிள்ளைகளுக்கும் அம்மா தூங்கவில்லை, பேசிக்கொண்டுதான் வருகிறாள் என்ற தெம்பு இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயன் ஒன்று உண்டு. எந்தக் கட்டுரையிலும் இதை நான் பார்த்ததில்லை. வாந்தி திடீரென்று வருவது போலத் தெரிந்தாலும் அதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். பிள்ளை கொட்டாவி விடும், உதட்டுக்கு மேலே முத்து முத்தாக வியர்க்கும், முகம் வெளுக்கும், எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்கும், பேச்சு நின்றுவிடும். கையில் போன் இருந்தால் பிள்ளை முதலிலிருந்தே பேசாமல்தான் வரும், குனிந்த தலையில் முகமும் தெரியாது. எப்போது அமைதியாக இருக்கிறது, எப்போது முடியாமல் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? விடுகதை விளையாட்டில் அப்படி இல்லை. ஒரு தடவை டம்டம் பாறைக்குச் சற்றுக் கீழே, "ஒரு குகைக்குள்ள 32 வீரர்கள், நடுவுல ஒரு நாகம்" என்று கேட்டேன். அது கொழுந்தனார் பையனுக்கு நன்றாகத் தெரிந்த விடுகதை. நான் முடிப்பதற்குள் "வாய்" என்று கத்துகிறவன். அன்றைக்குச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்காமலேயே கணவரிடம் "ஓரங்கட்டுங்க" என்றேன். "பெரியம்மா, வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது" என்று அவன் சொன்னது வண்டி நின்ற பிறகுதான். இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றோம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எலிவால் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தெரிந்தது, கீழே மஞ்சளாறு அணை. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவனுக்குச் சரியாகிவிட்டது. வாந்தி எடுக்கவே இல்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக மலை ஏறுவது வெளியூர்க்காரர்களின் வழக்கமாகிவிட்டது. பிரியாணியைத் திரும்பி வரும்போது சாப்பிடலாமே. அதே சமயம், வாந்தி வரும் என்று பயந்து பிள்ளையை வெறும் வயிற்றோடு கூட்டிப்போவதும் தப்பு. வெறும் வயிறும் குமட்டும். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல். வழியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. இஞ்சி மொரப்பா, உப்பு போட்ட காய்ந்த நார்த்தங்காய், முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் என்று எங்கள் வீட்டில் எல்லாம் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு எலுமிச்சை வாசம் கேட்கிறது. காருக்குள் தொங்கவிடும் செண்டு டப்பாவை மட்டும் முந்தின நாளே கழற்றி வைத்துவிடுங்கள். அடைத்த ஏ.சி. காரில் அந்த வாசமும் தலை நிறைய மல்லிகைப்பூவும் சேர்ந்தால் நல்ல ஆளுக்கே மயக்கம் வரும். காட் ரோடு செக்போஸ்ட் தாண்டினால் காற்று குளிர ஆரம்பித்துவிடும், ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். தலையையோ கையையோ வெளியே நீட்ட விடக் கூடாது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் எதிரே வரும் பஸ்.

மாத்திரை விஷயத்தில் என் தொழில் சார்ந்து சொல்கிறேன். பயண வாந்திக்கான மாத்திரை புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டியது. புரட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பெரும்பாலும் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நம் கடைகளில் இதற்கென்று அதிகம் விற்கும் புரோமெதசின் வகை மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது; மூச்சே தடைபடும் ஆபத்து உண்டு. பெரியவர் மாத்திரையை உடைத்துப் பாதியைப் பிள்ளைக்குக் கொடுப்பதும், போன மாதம் வயிற்றுக் கோளாறுக்கு டாக்டர் எழுதித்தந்த வாந்தி சிரப் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றுவதும் வேண்டாம். அந்த வாந்தி வேறு, இந்த வாந்தி வேறு. எடை பார்த்து அளவு சொல்ல மருத்துவர் இருக்கிறார், கிளம்புவதற்கு முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். இந்த மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

அப்படியும் வாந்தி வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை மூடியோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடியில் உங்கள் பழைய நாளிதழைக் கிழித்துப் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடிவிட்டால் வாடை வராது; வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019-லிருந்தே தடை. ஆனாலும் வாந்தி எடுத்த பையை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாகக் காட்டுக்குள் எறிந்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் குரங்குகள் அதைப் பிரித்துப் பார்ப்பதைக் காணச் சகிக்காது. எங்கள் ஊர்க் காடு அது.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. வாந்தி எடுத்த பிள்ளையைத் திட்டாதீர்கள். "சீட்டெல்லாம் நாறடிச்சிட்டியே", "இனிமே உன்னைக் கூட்டிட்டே வரமாட்டேன்" என்று அந்த நேரத்தில் சொல்வதை அது மறக்காது. சின்ன வயதில் உறவுக்காரர்கள் என்னை 'வாந்திக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகப் பெயர் கேட்டபோது காசு இருந்தும் நான் கையைத் தூக்கவில்லை. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் வந்துவிடுமோ என்ற பயம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது குறைந்துவிடும். ஆனால் அந்தக் கூச்சம் குறைய ரொம்ப நாளாகிறது. வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, சட்டையை மாற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருங்கள்.

சுற்றுலா வேன் ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் போடாமல் சீராகத் திருப்புவார். அவர் பஸ்ஸில் யாருக்காவது முடியவில்லை என்றால் கண்டக்டர் அவரை முன் சீட்டுக்கு மாற்றி உட்கார வைப்பார். இறங்கி வருகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது விதி. அதை மதிக்காமல் முட்டிக்கொண்டு, நின்று நின்று குலுக்கிப் போவதால்தான் மே மாதத்தில் பாதிப் பேருக்கு மயக்கம் வருகிறது.

நெடுஞ்சாலைத் துறையினர் வத்தலக்குண்டு பாதையில் வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்ட இன்னும் சில இடங்களை ஒதுக்கி, ஒரு தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் வைத்தால் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பேருதவி. டம்டம் பாறையை விட்டால் நிற்க நல்ல இடம் தேட வேண்டியிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிக்காரர்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகிறார்கள். அந்த இணையப் பக்கத்திலேயே, 'மலைப்பாதையில் குழந்தைகளுக்கு செல்போன் கொடுக்க வேண்டாம், கண்ணாடியை இறக்கி வெளியே பார்க்கச் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி சேர்க்க மாவட்ட நிர்வாகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொடைக்கானல் பண்பலை 100.5-ஐ நாங்கள் வழி நெடுகக் கேட்டுக்கொண்டுதான் ஏறுகிறோம். வெளியூர் வண்டிகள் ஏறும் காலை நேரத்தில், மே மாதம் மட்டுமாவது, பிள்ளைகளுக்கென்று கதையும் விடுகதையும் ஒலிபரப்பினால் அத்தனை வண்டியிலும் ஒரு பாட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவது மாதிரி இருக்கும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் வருகிற புள்ளிக்கோலப் புதிரும், ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதும் வீட்டுக்குச் சரி, வண்டியில் உதவாது. விடுமுறை முடியும் வரை ஒரு சின்னப் பெட்டியில் வாய்மொழி விளையாட்டுகளை மட்டும் போடுங்கள். பெற்றோர் முந்தின நாள் ராத்திரியே படித்து மனசில் ஏற்றிக்கொண்டு வண்டியில் சொல்லட்டும். பேருந்தில் பயணிகள் சொல்லக் கேட்டு அப்பா எழுதி வைத்த விடுகதைகள் ஒரு நோட்டு நிறைய என்னிடம் இருக்கின்றன. நீங்கள் போடுவதாக இருந்தால் நகல் எடுத்து அனுப்புகிறேன். முதல் பெட்டி பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.